ஓடுபவருக்கு முன்னால் ஓட்டுபவரை முடிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு பகலாக நடக்கும் நெடுந்தூரத் தொடரோட்டங்களைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் செய்தி வரும்போதெல்லாம் மொத்தத் தூரம், எடுத்துக்கொண்ட நேரம், முடிவுக் கோட்டில் கைகோத்து நிற்கும் பன்னிரண்டு பேரின் படம் எல்லாம் தவறாமல் இருக்கும். வேனை ஓட்டியவர் அந்தப் படத்தில் இருப்பது அபூர்வம். வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருப்பார். முதன்முறையாக நண்பர்களைத் திரட்டி அணி சேர்ப்பவர்களும் இதே கண்ணோடுதான் திட்டம் போடுகிறார்கள். யார் வேகமானவர், யாருக்கு மேடு, யாருக்கு இறக்கம் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பது யார் என்ற கேள்வி கிளம்புகிற அன்றைக்குத்தான் எழும். இத்தகைய அணிகளோடு பல இரவுகள் விழித்திருந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: தூக்கத்தையும் வண்டியையும் முதலில் திட்டமிடுங்கள். ஓட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழக்கமில்லாத வாசகர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சாலையில் நெடுந்தூரம் கைமாற்றி ஓடுவது புதிதல்ல. 1917-ல் ஜப்பானில் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை 508 கிலோமீட்டரை மூன்று நாட்களில் ஓடினார்கள். எகிடென் என்று அதற்குப் பெயர். தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளும் துணிப்பட்டைதான் அங்கே கைமாறும். இரண்டு வேன்களில் நண்பர்கள் புறப்படும் இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1982-ல் எட்டு அணிகளோடு தொடங்கிய ஹூட் டு கோஸ்ட் ஓட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மலையிலிருந்து கடற்கரை வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதை 36 கட்டங்களாகப் பிரித்து, 12 பேர் ஆளுக்கு மூன்று கட்டம் ஓடுகிறார்கள். வேனுக்கு ஆறு பேர்; ஓடப் போகிறவரை இறக்கிவிட்டு, ஓடி முடித்தவரை ஏற்றிக்கொண்டு வேன் கூடவே போகும். முதல் வேனின் ஆறு பேர் அடுத்தடுத்து ஓடி முடிக்கும்வரை இரண்டாம் வேனுக்கு ஓய்வு. பிறகு மாறிக்கொள்ள வேண்டும். இப்படி ஆளுக்கு மூன்று முறை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கட்டம் சராசரி 9 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வையுங்கள். ஒரு கட்டத்துக்கு 54 நிமிடம், ஒரு வேனின் முறைக்கு 5 மணி 24 நிமிடம், மொத்தம் 32 மணி 24 நிமிடம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் முதல் வேன் 11.24 வரை ஓடும். இரண்டாம் வேன் மாலை 4.48 வரை. மீண்டும் முதல் வேன் இரவு 10.12 வரை, இரண்டாம் வேன் அதிகாலை 3.36 வரை, முதல் வேன் காலை 9 வரை, கடைசியாக இரண்டாம் வேன் பிற்பகல் 2.24 வரை. இந்த ஆறு நேரங்களை ஒரு தாளில் எழுதி வேனின் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாலே பாதித் திட்டம் முடிந்தது.

முதல் வேனின் ஓட்டுநரைப் பாருங்கள். ஆறு மணித் தொடக்கத்துக்கு அவர் நான்கு மணிக்கே எழுந்திருப்பார். இரவு 10.12-க்குத் தன் முறை முடியும்போது விழித்துப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகுதான் இருட்டில் 54 கிலோமீட்டர் ஓட்டி அடுத்த பெரிய கைமாறும் இடத்துக்கு, அதாவது ஒரு வேனிடமிருந்து மற்ற வேனுக்கு ஓட்டம் மாறும் இடத்துக்கு, போக வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் 0.05 அல்லது 0.08 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. குடித்தவர் கையில் சாவி கொடுக்காத நண்பர்கள், அரைத்தூக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் குறட்டை விடுகிறார்கள்.

ஆகவே வேனுக்கு இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். அவர்கள் ஓடாதவர்களாக இருந்தால் நல்லது. ஓடுபவர்களே மாறி மாறி ஓட்டிக்கொள்ளலாம் என்பது காகிதத்தில் சரியாகத் தெரியும், இரவில் சரிவராது. ஓடி முடித்த முதல் அரைமணி நேரம் கால் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அழுத்தும் வலது கெண்டைக்கால்தான் முதலில் சுளுக்கும். அடுத்து ஓடப் போகிறவரோ இறங்கத் தயாராக இருக்க வேண்டும். ஆறு பேரில் உண்மையில் ஓட்டத் தகுந்தவர்கள் எந்த நேரத்திலும் இரண்டு மூன்று பேர்தான், அவர்களும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முன் சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் கண்டிப்பாக விழித்திருக்க வேண்டும். வழி சொல்வது, நேரம் குறிப்பது, மற்ற வேனுக்குச் செய்தி அனுப்புவது மூன்றும் அவர் வேலை. அவருக்குக் கண் சொருகினால் வேன் நிற்க வேண்டும்.

எப்போது தூங்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதல் வேனுக்குக் கிடைக்கும் முதல் ஓய்வு பகல் 11.24 முதல் மாலை 4.48 வரை. அப்போது யாருக்கும் தூக்கம் வராததுபோல் இருக்கும். உற்சாகத்தில் இரண்டாம் வேனின் பின்னாலேயே போய்க் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஓய்வை வீணடித்த அணிக்கு இரவில் திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்காது. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை உடம்பே கொஞ்சம் தளர்ந்துகொடுக்கும் நேரம். கண்ணைக் கட்டிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துப் படுத்தால் தூக்கம் வரும். இரண்டாம் வேனுக்கு வேறு பிரச்சினை. அவர்கள் தொடக்கத்தைப் பார்க்க ஆறு மணிக்கே வந்து நிற்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓடத் தொடங்குவது 11.24-க்கு, நள்ளிரவு முழுக்க ஓடப் போவதும் அவர்கள்தான், இரவில் படுக்க வாய்ப்பு வருவது அதிகாலை 3.36-க்குப் பிறகுதான். இரண்டாம் வேன் தொடக்கக் கோட்டுக்கு வரவே கூடாது. ஒன்பது மணிவரை வீட்டில் தூங்கிவிட்டு நேராகத் தங்கள் இடத்துக்கு வரட்டும். கோபித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு முடிவுக் கோட்டில் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

ஓய்வு 5 மணி 24 நிமிடம் என்று கேட்டதும் நிறைய நேரம் என்று தோன்றும். அதில் அடுத்த இடத்துக்கு ஓட்டிச் செல்ல ஒரு மணி நேரம், சாப்பிட 45 நிமிடம், உடை மாற்றிப் பையை ஒழுங்கு செய்ய அரைமணி, ஓட்டம் கைக்கு வருவதற்கு 40 நிமிடம் முன்பே எழுந்து தயாராவது என்று கழித்தால் மிச்சம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆகவே ஓய்வு தொடங்கியதும் முதலில் வண்டியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் படுக்க வேண்டும். இங்கேயே தூங்கிவிட்டு அப்புறம் போகலாம் என்ற அணி, அலாரம் அடிக்காமல் போனால் தொலைந்தது. எதிரே வரும் வேன்களின் நெரிசலில் மாட்டினாலும் அதே கதிதான். படுப்பது 90 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்கு வழியில்லை என்றால் 20 நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள். இடையில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்தின் மந்தம் அரைமணி நேரம்கூடத் தலையைவிட்டுப் போகாது. காபி குடித்ததும் வேலை செய்யாது, ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். அதனால் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுவது ஓட்டுநர்களுக்குக் கைகண்ட வழி. ஆனால் அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். அடுத்த முறை படுக்க வேண்டிய நேரத்தை எண்ணிப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

எங்கே படுப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பெரிய கைமாறும் இடங்கள் பெரும்பாலும் திறந்த மைதானங்கள். நள்ளிரவில் வேன்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். வேனின் நிழலில், சக்கரத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. பனி படிந்த புல்லில் கருநிறத் தூக்கப்பைக்குள் ஒருவர் சுருண்டு கிடந்தால், பின்னால் வண்டி எடுப்பவருக்கு அது ஒரு பையாகக்கூடத் தெரியாது. படுக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும் படுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி விளக்கோடு நடந்து பார்த்த பிறகே வண்டி நகரட்டும். வேனுக்குள்ளேயே தூங்கினால் என்ஜினை அணைத்துவிடுங்கள். குளிருக்காகவோ ஏசிக்காகவோ ஓடவிட்டால், புகைக்குழாய் புல்லிலோ சேற்றிலோ அடைபட்டு கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது வேகக் கணக்கு. பதிவுப் படிவத்தில் ஒவ்வொருவரின் 10 கிலோமீட்டர் நேரத்தைக் கேட்கிறார்கள். மெதுவான அணிகளை முதலிலும் வேகமான அணிகளைப் பிறகும் கிளப்பிவிட்டால் எல்லோரும் முடிவிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றாக வருவார்கள் என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. அங்கே பெருமைக்காக ஆளாளுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி குறைத்து எழுதுவது சின்னப் பொய்யாகத் தோன்றும். 324 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி என்றால் 3,240 விநாடி, அதாவது 54 நிமிடம். உங்களுக்காக ஒரு வேன் முழுக்க இருட்டில் குளிரில் அரைமணி நேரம் நிற்கும். கைமாறும் இடங்களை மூடும் நேரமும் நெருங்கிவிடும். போதாக்குறைக்கு, இரண்டாம் முறையிலும் மூன்றாம் முறையிலும் கால்கள் முதல் முறையைப் போல ஓடாது. எங்கள் பழக்கம், இரவுக் கட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 விநாடியும், கடைசிக் கட்டத்துக்கு 30 விநாடியும் கூட்டி எழுதுவது. 

இறக்கக் கட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹூட் டு கோஸ்ட்டின் முதல் கட்டம் மட்டும் ஏறக்குறைய 600 மீட்டர் கீழே இறங்குகிறது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் நார்களில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. மூச்சு வாங்காததால் ஓடும்போது அது தெரியாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரண்டாவது முறைக்கு வேனிலிருந்து இறங்கும்போதுதான் படியில் கால் வைக்க முடியாது. அணியின் மிக வேகமானவருக்கு இறக்கத்தைக் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். இறக்கத்தில் ஓடிப் பழகியவருக்குக் கொடுங்கள், அவரும் தன் வேகத்தை அடக்கியே இறங்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு யோசனை போதும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, ஒரே 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை ஓடிப் பாருங்கள். மாலையில் ஒன்று, விடியலுக்கு முன் விளக்கோடு ஒன்று, மதியம் ஒன்று. தூரம் உங்கள் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். நெஞ்சுக்கு இது பெரிய சோதனை அல்ல. வயிறு எதை ஏற்கிறது, எந்தச் சாக்ஸ் உரசுகிறது, விளக்கின் பட்டை நெற்றியில் எங்கே அழுத்துகிறது என்பதையெல்லாம் அந்த ஒரு நாள் சொல்லிக்கொடுத்துவிடும்.

நெற்றி விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், கால் பிசகுவதெல்லாம் பெரும்பாலும் அதன் வெளிச்சத்தில்தான். விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், சாலையில் உள்ள மேடுபள்ளத்தின் நிழல் அந்தந்த மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. கண்ணுக்குச் சாலை தட்டையாகத் தெரிகிறது. அதே விளக்கை இடுப்பில் கட்டினாலோ கையில் பிடித்தாலோ ஒவ்வொரு கல்லுக்கும் நீளமான நிழல் விழும், பள்ளம் கறுப்பாகத் தெரியும். சாலை கரடாக இருக்கும் கட்டங்களில் நெற்றியில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வது வீண் செலவல்ல. வெளிச்சம் 200 லூமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு உரியது, முழு வெளிச்சத்தில் அதில் ஒரு பகுதிதான் வரும். குளிரில் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துபோவதும் உண்டு. பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள், இல்லையென்றால் பேட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள். கைமாறும் இடத்துக்கு வந்ததும் விளக்கைக் கீழே சாய்த்துவிடுங்கள், காத்திருப்பவர்களின் கண் கூசி உங்கள் ஆளுக்கே உங்களைத் தெரியாமல் போகும்.

பளிச்சென்ற மஞ்சள் சட்டை இரவுக்குப் போதும் என்று நினைப்பது தவறு. அந்த மஞ்சள் பளிச்சிடுவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரால். இரவில் அது வெறும் வெளிர்நிறத் துணி. இரவுக்கு வேண்டியது, வண்டியின் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டைகள் கொண்ட ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். அதே பட்டையைக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டிக்கொள்ளுங்கள். மார்பில் அசையாமல் மின்னும் பட்டையை ஓட்டுநர் ஒரு சாலைக் கம்பம் என்று நினைக்கலாம். மேலும் கீழும் அசையும் இரண்டு கணுக்கால்களைப் பார்த்ததும் அது மனிதர் என்று மூளை உடனே சொல்லிவிடும். முதுகில் சிவப்பு மின்னும் விளக்கு. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடிதான் ஓட வேண்டும். சிறுநீர் கழிக்க இறங்குபவர் உட்பட, இரவில் வேனைவிட்டு இறங்கும் ஒவ்வொருவருக்கும் இதே ஜாக்கெட் கட்டாயம். ஓடுபவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சாலையைக் குறுக்கே கடந்து ஓடும் நண்பர்தான் எல்லாரையும்விட ஆபத்தில் இருக்கிறார். ஓடுபவர் வரும் பக்கத்திலேயே முன்னதாக இறங்கி நில்லுங்கள்.

கைமாற்றுவதற்கு இன்று பெரும்பாலும் தடி கிடையாது. மணிக்கட்டில் தட்டினால் சுருண்டு பிடித்துக்கொள்ளும் பட்டைதான். ஓடி வந்தவர் வேர்வையோடு அதைக் கழற்ற மறந்து அப்படியே புல்லில் சாய்ந்துவிடுவார். கடைசி நூறு மீட்டரில் பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். அடுத்தவர் அங்கே இல்லாமல் போவதுதான் பெரிய விபரீதம். செல்பேசிச் சிக்னலை நம்பாதீர்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கட்ட எண்ணையும் நேரத்தையும் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். பேச்சு போகாத இடத்திலும், சிக்னல் ஒரு கணம் வந்தால் குறுஞ்செய்தி போய்விடும். அதே நேரத்தைத் தாளிலும் எழுதுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

சாவியைப் பற்றி ஒரே விதி: வண்டியில் இல்லாதபோது அது ஓட்டுநரின் கழுத்துக் கயிற்றில். மாற்றுச் சாவி ஓடாத இன்னொருவரிடம். ஓடுகிறவரின் பாக்கெட்டில் சாவி போய்விட்டால் மற்றவர்களும் வேனும் அங்கேயே நிற்க, அவர் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி அடுத்தவரைத் தேடிக்கொண்டிருப்பார்.

வேனுக்குள் ஆளுக்கு மூன்று ஜிப் பைகள். 1, 2, 3 என்று பெரிதாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு முறைக்கான முழு உடையும் சாக்ஸும். ஈரத் துணிக்குத் தனி மூட்டை. காலணி இரண்டு ஜோடி. நனைந்ததற்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்து மாற்றித் திணித்தால் அடுத்த முறைக்குள் ஓரளவு உலர்ந்துவிடும். அடுத்து ஓடப் போகிறவர் கதவோரம், ஓடி முடித்தவர் பின்னால். முடித்ததும் உடனே ஏறி உட்கார விடாதீர்கள், பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறட்டும். உணவைப் பொறுத்தவரை, அடுத்த ஓட்டம் எட்டு மணி நேரத்துக்குள் வருமென்றால் முதல் நான்கு மணி நேரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்தியலில் வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 60 முதல் 72 கிராம். ஒருவருடைய இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒன்பதே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றாலும், ஓடிய களைப்பில் பசி தெரியாமல் படுத்துவிடுவதால் அதையே பின்பற்றுவது நல்லது. எண்ணெயும் நார்ச்சத்தும் ஓட்டம் முடியும்வரை குறைவாகவே இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதைக் களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள்.

நடுவில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டால் அவருடைய மீதிக் கட்டங்களை யார் எடுப்பது என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பேச ஆரம்பித்தால் தியாகம் செய்கிறேன் என்று நிற்பவர்தான் கிடைப்பார். தகுந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

போட்டி நடத்துபவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். பதிவுப் படிவத்தில் வேனுக்கு இரண்டு ஓட்டுநர்களின் பெயரைக் கட்டாயமாகக் கேளுங்கள். பெரிய கைமாறும் இடம் ஒவ்வொன்றிலும் வண்டி நுழைய முடியாதபடி கயிறு கட்டிய படுக்கும் இடத்தை ஒதுக்குங்கள். முடிவிடத்திலும் அப்படி ஓர் இடம் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஓட்டம் பிற்பகல் 2.24-க்கு முடிகிறது, உடம்பு தளரும் அதே நேரத்தில். ஒன்றரை நாள் சரியாகத் தூங்காத ஒருவர் மற்ற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவதும் அப்போதுதான். முடிவிடத்துக்குப் பக்கத்திலேயே அன்றிரவு தங்கி மறுநாள் காலை கிளம்புவதாகத் திட்டத்தின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. அடுத்த முறை முடிவுகளை வெளியிடும்போது, அணியினரின் பெயர்களோடு அந்த இரண்டு வேன்களை ஓட்டியவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இரவுத் தொடரோட்ட அணிகளுக்குத் துணை நிற்கும் நண்பர்கள்